காலித் தட்டை நம்பாதீர்கள்

நாச்சிமுத்து அண்ணன் வாயால் ஒன்று சொன்னார், கையால் வேறொன்று சொன்னார். எனக்குப் பொறி தட்டியது அந்த நொடியில்தான்.

காலை உணவு நேரம். நம் நெஞ்சக வார்டில் ஜன்னலோரக் கட்டில். கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நான் வழக்கம்போல டயட்டீசியன் கோட்டை மாட்டிக்கொண்டு போய், வழக்கமான சிரிப்போடு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"நல்லாச் சாப்புட்டனுங்க அம்மணி. இட்லி பஞ்சாட்டம் இருந்துச்சுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை தொடையோரமாக ஒரு வேலை செய்தது. இரண்டு விரல்கள் கத்தரிபோல ஒரு வெட்டு வெட்டின. பிறகு உள்ளங்கை கீழ்நோக்கி அமுங்கியது. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவர் மனைவி மயிலாத்தாள் அக்கா அதைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

இருவரும் கருமத்தம்பட்டிப் பக்கம். வீட்டை ஒட்டிய கூடத்தில் நாலு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவர்கள். விசைத்தறி ஓடும் கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பாதிப் பேச்சு கையில், மீதி கண்ணிலும் உதட்டிலும். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர்கள் இவர்கள். நம்மிடம் பேச வாய். தங்களுக்குள் பேச கை.

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கிற டயட்டீசியன்களான உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். உங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். ஓய்வு பெறும்போது சொல்ல வேண்டியதை இப்போதே சொல்கிறாளே என்று சிரிக்கலாம். சிரியுங்கள். அடுத்த வாரம் நான் வார்டை விட்டு வெளி வேலைக்குப் போகிறேன். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நம் ஊரில் 'சாப்பிட்டீங்களா' என்பது கேள்வி இல்லை, வணக்கம். வணக்கத்துக்கு யாராவது 'இல்லை' என்று பதில் சொல்வார்களா? சொன்னால் சமைத்தவரைக் குறை சொன்னதாகிவிடும், கேட்டவரைச் சங்கடப்படுத்தியதாகிவிடும். கோயம்புத்தூரில் ஒரு நோயாளியிடம் இதைக் கேட்டு உண்மையான விவரம் வாங்கிவிடலாம் என்று நம் படிப்பில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போல.

நாச்சிமுத்து அண்ணனுக்கு சி.ஓ.பி.டி. நாள்பட்ட மூச்சடைப்பு நோய். பீடியை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன, பஞ்சுத் தூசியை விட முடியவில்லை. அந்த வருடத்தில் அது மூன்றாவது அட்மிஷன். தீபாவளிப் பட்டாசுப் புகை கிளப்பிவிட்டிருந்தது. மருந்து வேலை செய்து, காய்ச்சல் போய், சளியும் தெளிந்துவிட்டது. எடை? போன முறை இருந்த அதே எடை. சாப்பாடு? தட்டு ஒவ்வொரு வேளையும் காலியாகத் திரும்புகிறது. முகம்கூட உருண்டிருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "மொகம் தெளிஞ்சிருச்சுங்க மாமா" என்று சந்தோஷப்பட்டார்கள்.

அந்த முகம் ஸ்டீராய்டு மாத்திரையின் முகம். அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீர். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மேல் கையை டேப்பால் அளந்தேன். போன அட்மிஷனைவிடச் சுருங்கியிருந்தது. கைப்பிடி வலிமை பார்க்கும் கருவியை அவரிடம் கொடுத்து அமுக்கச் சொன்னேன். ஊடை நூலை மாற்றி மாற்றிப் போட்டுக் காய்த்துப்போன, தறிக்காரர் கை அது. முள் நகர்ந்தது, கொஞ்சம் யோசித்தது, நின்றுவிட்டது.

"கருவி பழசுங்களா அம்மணி?" என்று கேட்டார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனை. இரண்டு எண்கள்தான், ஒரே குழாய் ரத்தத்தில் இரண்டும் கிடைக்கும். ஒன்று சி.ஆர்.பி., உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுவது. அட்மிட் ஆனபோது எகிறியிருந்தது, மருந்துக்குப் பாதி இறங்கி, அதற்குமேல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. இன்னொன்று அல்புமின் என்கிற புரதம். அது ஒவ்வொரு அட்மிஷனுக்கும் குறைந்துகொண்டே வந்திருந்தது.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பரவசம். கல்லீரலை ஒரு தறிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் அல்புமினை நெய்துகொண்டிருக்கும். எங்கோ அழற்சி என்று தகவல் வந்தால் பாவு நூலை மாற்றிப் போட்டு சி.ஆர்.பி. நெய்ய ஆரம்பித்துவிடும். அதற்கு நூல்? தசையிலிருந்து உருவிக்கொள்ளும். அதே அழற்சி பசியையும் அணைத்துவிடும். நுரையீரலில் பிடித்த நோய் தொடைத் தசையைத் தின்பது இப்படித்தான். மூச்சு விடுவதும் தசை செய்கிற வேலைதானே? அது மெலிந்துபோன ஆளுக்கு அடுத்த சளி வரும்போது தாக்குப்பிடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் ஐ.சி.யு.வுக்குள் போனால் பலர் திரும்பி வருவதில்லை. நாச்சிமுத்து அண்ணனுக்கு அடுத்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் அது தெரியாது, எடை இயந்திரத்தில் தெரியாது.

அன்றைய ரவுண்ட்ஸ். நம் தலைமை மருத்துவரை உங்களுக்குத் தெரியும். ஓடுகிற மாதிரி நடப்பார், நிற்கும்போது முழுதாக நிற்பார். அன்று அவருக்கு நிற்க நேரமில்லை. நடைக்கூடம் முழுக்க ஸ்ட்ரெச்சர்கள், கட்டிலுக்காகக் காத்திருக்கும் மூச்சுத்திணறல்கள்.

"நாச்சிமுத்து, எப்படி இருக்கீங்க?"

"நல்லாயிட்டனுங்க டாக்டரய்யா. தீவாளி நோம்பியும் முடிஞ்சு போச்சுங்க. ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க. பாவு பூட்டாம தறி சும்மா நிக்குதுங்க."

"தறிப்பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னேனே."

"போமாட்டனுங்க. எட்ட நின்னு பாப்பனுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு டிஸ்சார்ஜ் என்று சொல்ல வாயெடுத்தார். டயட்டீசியன்கள் ரவுண்ட்ஸில் பேசுவது அரிது. கேட்டால் சொல்வோம், அவ்வளவுதான்.

"சார், இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும். அவர் சாப்பிடறதில்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் பதறிவிட்டார். "அய்யோ, நல்லாச் சாப்புடறேனுங்களே! ஏனுங்க அம்மணி, ஆசுபத்திரிச் சாப்பாட்ட நான் ஒரு கொற சொன்னதுண்டுங்களா?" மயிலாத்தாள் அக்காவும் தலையாட்டினார். "தட்டு காலியாத்தானுங்க போவுது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நோயாளி சாப்பிட்டேங்கறார், அந்தம்மா சாப்பிட்டார்ங்கறாங்க, தட்டும் அதைத்தான் சொல்லுது. நீங்க மட்டும் எப்படி இல்லைங்கறீங்க?"

காலையில் பார்த்ததை அத்தனை பேர் முன்னால் சொல்லலாம். ஆனால் அது ஒரு கணவனும் மனைவியும் தனியாகப் பேசிய பேச்சு. ஒட்டுக் கேட்ட மாதிரிதானே? அதற்குமேல் யோசிக்க நேரமும் இல்லை. மயிலாத்தாள் அக்காவைப் பார்த்து, கட்டில் கம்பிக்குக் கீழே, இரண்டு விரலால் ஒரு வெட்டு வெட்டி உள்ளங்கையை அமுக்கினேன்.

அக்காவின் கண்கள் விரிந்தன. "அட சாமி! அம்மணிக்குத் தறிப் பேச்சு தெரியுமுங்களா?"

"அது ஒண்ணுதான் தெரியும். என்ன அர்த்தம்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு அவர் உதட்டோரம்.

"நூல் அந்துபோச்சு, தறிய நிறுத்துன்னு அர்த்தமுங்க," என்றார் அக்கா. "அரை இட்லிதானுங்க. அதுக்கு மேல மூச்சு வாங்குதுங்க, நிறுத்திப்போடுவாரு. தட்டுல மீந்து போனா சமையக்காரங்க மனசு சங்கடப்படுமுங்களே. நான் தின்னுபோடுவனுங்க. இங்க வந்து பெருத்துப் போனது நான்தானுங்க டாக்டரய்யா!"

சிரிப்பு வந்தது எல்லோருக்கும். டாக்டருக்கு மட்டும் வரவில்லை. முழுதாக நின்றார்.

"ரத்தம்?"

எண்களைச் சொன்னேன்.

"அழற்சி இருந்தா அல்புமின் தானா குறையும். அதை வெச்சு சாப்பாடு பத்தலைன்னு சொல்ல முடியாது." குரலில் கோபம் இல்லை, சோதித்துப் பார்க்கிற கூர்மை இருந்தது.

"தெரியும் சார். அதனாலதான் தனியாப் பார்க்கக் கூடாதுங்கறேன். கை மெலிஞ்சிருக்கு, பிடி குறைஞ்சிருக்கு, கால்ல தண்ணி. இதோட சேர்த்துப் பாருங்க. சளி தெளிஞ்சு நெஞ்சு அமைதியாயிடுச்சு. அப்புறம் சி.ஆர்.பி. ஏன் சார் இறங்கலை? சோறு மட்டும் போட்டாப் பத்தாது. எது அவரைத் தின்னுட்டு இருக்குன்னு தெரியணும்."

அவர் ஒரு கணம் ஸ்ட்ரெச்சர்கள் பக்கம் பார்த்தார். எதையெல்லாம் எடைபோட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நாளைக்கு ரவுண்ட்ஸ் வரைக்கும் கட்டில் அவருது. கேள்வி உங்களுது, பதிலையும் நீங்களே கொண்டு வாங்க," என்றார். பிறகு சர்ஜரி வார்டுக்குப் போன் செய்து, காத்திருப்பவர்களுக்காக இரண்டு கட்டில்கள் கேட்டார். தன் முடிவு தவறாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்வதற்கு, நெருக்கடி நேரத்தில், எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை நான் அந்த மனிதரிடம்தான் கண்டேன். என்னை நம்பியதால் இல்லை. கேள்வி நியாயமானது என்பதால்.

மதியம் அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரிசிம்பருப்பு சோறு, குழைவாக, நெய் விட்டு. "என்னப் பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் பாக்கறீங்களே அம்மணி," என்று கூச்சப்பட்டார். பார்க்கத்தான் வந்தேன் என்றேன். முதல் வாய்க்குப் பிறகு மூச்சு வாங்கினார். விழுங்கும்போது மூச்சை நிறுத்த வேண்டும் இல்லையா? அவருக்கு அந்த இடைவெளியே பெரிய செலவு. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. குழைந்த சோற்றைக்கூட அவர் வலப்பக்கமே ஒதுக்கினார். இடக் கன்னம் அசையவே இல்லை.

"வாயைத் தொறங்கண்ணா."

"அது பழசுங்க. கெராம்பு வெச்சா அடங்கிக்குமுங்க."

இடது கடைவாய்ப் பல். ஈறு வீங்கிப் பளபளத்தது, ஓரத்தில் சீழ்ப் புள்ளி. கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது. மூன்று அட்மிஷன், எத்தனையோ ஸ்டெதஸ்கோப்பு, எல்லோரும் நெஞ்சைக் கேட்டோம். நெஞ்சுக்கு ஒரு முழம் மேலே எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. நெஞ்சு டாக்டரிடம் பல்லைப் பற்றிச் சொல்வது மரியாதையா என்று யோசித்தாராம்!

பல் மருத்துவர் வந்தார், சீழை வெளியேற்றினார், மருந்தை மாற்றினோம். பிறகு பல்லையும் எடுத்தார். அடுத்த சில நாளில், நின்றுபோயிருந்த சி.ஆர்.பி. மறுபடி இறங்க ஆரம்பித்தது. பல்லைக் கண்டுபிடித்த மறுநாள் ரவுண்ட்ஸில் தலைமை மருத்துவர் எல்லா ஜூனியர்களையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, "நாம எல்லாரும் இவரோட நுரையீரலுக்கு வைத்தியம் பார்த்தோம். இவருக்குப் பார்க்கலை," என்றார். கிளம்பும்போது மயிலாத்தாள் அக்காவைப் பார்த்து இரண்டு விரலால் வெட்டு மட்டும் காட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படிக் காட்டுனா வேற அர்த்தமுங்க டாக்டரய்யா. டீத்தண்ணி வேணும்னு அர்த்தம்."

இனி சாப்பாடு. தட்டு நிறையப் போடுவதை நிறுத்தினோம். வயிறு நிறைந்தால் அது மேலே ஏறி நுரையீரலை அமுக்கும், இன்னும் மூச்சு வாங்கும். டம்ளர் அளவு, அடிக்கடி. பருப்பு கூட்டி அரிசிம்பருப்பு, முட்டை, இடியாப்பம் போன்ற சந்தகையோடு தேங்காய்ப் பால், நிலக்கடலையைப் பொடித்துக் கருப்பட்டியோடு. கூடவே பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்தார். வெறும் சோறு கொழுப்பாகத்தான் சேரும், தசைக்கு வேலையும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அடுத்து பரிசோதனைக்கு வந்தபோது அவர் எடை குறைந்திருந்தது. சொந்தக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "அந்தப் புள்ள பேச்சக் கேட்டு மாமன் எளைச்சுப் போயிட்டாரு." போனது கால் தண்ணீர். கைப்பிடிக் கருவியின் முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. எடை இறங்கும்போது ஆள் பலமாகிறார்! இதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்ததற்காகவே இந்த வேலைக்கு வந்தது தகும் என்று நினைத்தேன்.

மார்கழிப் பனியில் மறுபடி சளி பிடித்தது. நான் பயந்துகொண்டிருந்த அந்த அடுத்த முறை. உதடு நீலம்பாரித்துத்தான் வந்தார். ஐ.சி.யு. வாசலில் மயிலாத்தாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த பிடியில் என் விரல்கள் வலித்தன. உள்ளே முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவியைப் போட்டார்கள். அதோடு ஒத்துழைத்து மூச்சிழுக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். இருந்தது. தொண்டைக் குழாய் வரை போகவில்லை. முகமூடியோடு பேச முடியாது. அதனால் என்ன? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கி எதையோ காட்டினார். "என்ன சொல்றாரு?" என்று பதறினேன்.

"ரெண்டாந் தறிக்கு எண்ணெ உட்டயான்னு கேக்கறாருங்க," என்றார் அக்கா. அழுதுகொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

தெம்பைக் கூட்டியதால்தான் பிழைத்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நீங்களும் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரே ஒரு ஆள் போதும், நூறு பேரிடம் போய்க் கேட்கத் தூண்டுவதற்கு. அழற்சியும் ஊட்டமும் சேர்ந்து யார் அடுத்து விழுவார் என்று முன்கூட்டியே காட்டுமா? வார்டுக்கு வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே? இந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை.

போன வாரம் அந்தக் கேள்வியோடு கருமத்தம்பட்டிக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து அண்ணன் சொன்ன சொல் தவறாமல் கூடத்துக்கு வெளியே, கம்பி ஜன்னலுக்கு எதிரில், மாஸ்க் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மயிலாத்தாள் அக்கா. இவர் கை அசைய, அவர் நாலாம் தறிக்கு ஓடினார். இவர் விரல் சுழல, அவர் நூல் சுற்றிய தார்க் குச்சியை மாற்றினார். இரண்டு சொல் சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்குகிற மனிதர், மூச்சே செலவழிக்காமல் நாலு தறியை ஓட்டிக்கொண்டிருந்தார்! எவ்வளவு நேரம் வாய் பிளந்து நின்றேனோ.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். தறிச் சத்தத்தில் பேச வழியில்லை. அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் விரித்துக் கேட்டேன். சாப்பிட்டீங்களா?

சாப்பிட்டதாகக் கை சொன்னது. வயிற்றைத் தட்டி, டம்ளர் அளவையும் காட்டியது. பிறகு சட்டென்று நின்றது. ஜன்னலுக்குள் ஒரு பார்வை. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மெதுவாக அவரைச் சுட்டிக் காட்டினார். அப்புறம் இரண்டு விரலால் ஒரு வெட்டு. உள்ளங்கை கீழே அமுங்கியது.

அப்போதுதான் நான் அக்காவைப் பார்த்தேன். ஆள் ஆளாக மேல் கையை அளக்கிறவள் நான். அவருடைய ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியதும், அதை ஊக்கு குத்திப் பிடித்திருந்ததும் அதுவரை என் கண்ணில் படவில்லை. முழங்கையை வாயில் வைத்து இருமினார். சத்தம் கேட்கவில்லை, முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது. பீடி பிடிக்காதவர். ஆனால் அதே கூடம், அதே தூசி, பக்கத்தில் அத்தனை வருடப் புகை. எல்லா ஓட்டமும் இப்போது அவர் ஒருத்தருடையது.

வெளியே அழைத்துக் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க சாப்புடறேன் அம்மணி," என்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு. "நீங்க மொதல்ல உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

தலைமை மருத்துவரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டும் நானும் தறிக்கூடங்களுக்குக் கிளம்புகிறோம். அளவு டேப், கைப்பிடிக் கருவி, ஊதிப் பார்க்கும் கருவி, ரத்தக் குழாய்கள். வாயால் எதையும் கேட்பதாக இல்லை. எவ்வளவு இறங்குகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வலிக்கிறது, இதையெல்லாம் கையால் கேட்க நாச்சிமுத்து அண்ணன் எங்களுக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் ஆள் யார் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். அந்த ஆளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் எங்களுக்கெல்லாம் சமைக்க ஆரம்பித்துவிடுவார்.